கல்யாணமாகி ஐந்து வாரம், ரிப்போர்ட்டில் ஏழு வாரம்: கர்ப்பக் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது?

கார்டில் இரண்டு கோடு விழுந்த அன்றே ஒரு கேள்வியும் கூடவே வந்துவிடும்: இப்போது எத்தனை வாரம்? மாமியார் மாதக் கணக்கில் கேட்பார். டாக்டர் வாரக் கணக்கில் சொல்வார். சுகாதார நிலையத்து நர்ஸம்மா கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியைக் கேட்பார். ஸ்கேன் ரிப்போர்ட்டிலோ வாரமும் நாளுமாக வேறொரு எண் அச்சாகியிருக்கும். இவை ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும்போது, முதல் குழந்தையைச் சுமக்கிற பெண் யாரிடம் போய்க் கேட்பாள்? அவளுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமானது. அவள் படித்துவிட்டுக் கணவனிடமும் மாமியாரிடமும் கொடுத்தால் இன்னும் நல்லது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்த எண் எப்படிப் போடப்படுகிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாததால் பல வீடுகளில் வேண்டாத பயம் வருகிறது. அதைவிடக் கொடுமையாக, வேண்டாத சந்தேகம் வருகிறது.

அந்த இரண்டு வாரம்

என் அக்கா மகள் ஒருநாள் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"சித்தி, ஸ்கேன் எடுத்தோம். ஏழு வாரம் ஆகப் போகுதுன்னு போட்டிருக்காங்க. கல்யாணம் முடிஞ்சே அஞ்சு வாரம்தான் ஆகுதுங்க சித்தி. அத்தை ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டாங்க."

"மாப்பிள்ளை என்ன சொல்றாரு கண்ணு?"

"அவருக்கும் புரியல. மெஷின்ல தப்பா இருக்குமோங்கறாரு."

மெஷினில் தப்பில்லை. அவளிடமும் தப்பில்லை. கர்ப்பத்தின் வயதை உலகம் முழுக்க எண்ணுகிற முறையே அப்படி. கரு உண்டான நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அந்த முதல் நாளில் பெண் கர்ப்பமாகவே இல்லை. அதற்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துத்தான் கருமுட்டை வெளிவருகிறது, கரு உருவாகிறது. ஆகவே ரிப்போர்ட்டில் "ஏழு வாரம்" என்றால் கருவின் உண்மையான வயது சுமார் ஐந்து வாரம். எல்லாப் பெண்களுக்கும், எல்லாக் கர்ப்பத்துக்கும் இந்த இரண்டு வாரம் கூடுதலாகத்தான் வரும். கல்யாணமாகிப் பத்து வருடம் ஆனவளுக்கு அது யார் கண்ணிலும் படுவதில்லை. புதுப்பெண்ணுக்கு மட்டும் வீட்டில் இருப்பவர்கள் நாளை விரல் விட்டு எண்ணுகிறார்கள்.

தேதி போட்டுப் பார்ப்போம். ஒரு பெண்ணுக்கு 2025 பிப்ரவரி 3 அன்று மாதவிடாய் வந்தது. பிப்ரவரி 16 ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். 28 நாள் சுழற்சி என்றால் அவளுக்குக் கருமுட்டை வெளிவருவது பிப்ரவரி 17 வாக்கில். கல்யாணமான கையோடு கரு நின்றது. மார்ச் 3 அன்று வர வேண்டிய மாதவிடாய் வரவில்லை. நாள் தள்ளிப் போய்விட்டதே என்று கார்டில் பார்த்தார்கள், இரண்டு கோடு. மார்ச் 22 சனிக்கிழமை ஸ்கேன். பிப்ரவரி 3 முதல் மார்ச் 22 வரை 47 நாள், அதாவது 6 வாரம் 5 நாள். ரிப்போர்ட்டில் இருப்பது அதுதான். கல்யாணத்திலிருந்து எண்ணினால் 34 நாள், ஐந்து வாரம்கூட நிறையவில்லை. இரண்டு எண்ணும் சரி. இரண்டும் வேறு வேறு புள்ளியிலிருந்து தொடங்குகின்றன, அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஒரு முறை? கருமுட்டை வெளிவந்த நாள் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. உறவு கொண்ட நாளை வைத்தும் சொல்லிவிட முடியாது. ஆணின் விந்தணு பெண்ணுடலில் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். கருமுட்டையோ வெளிவந்த பிறகு ஒரு நாள்தான் தாங்கும். திங்கட்கிழமை உறவு, வெள்ளிக்கிழமை கருத்தரிப்பு என்பது சாதாரணமாக நடப்பது. கண்ணால் பார்த்து, தேதி குறித்து வைக்கக்கூடிய ஒரே அடையாளம் மாதவிடாய் தொடங்கிய நாள். அதனால் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

புதுப்பெண்ணின் கணவர் இதைப் படித்தால் அவருக்கு ஒரு வார்த்தை. ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்து நாளை எண்ணிப் பார்த்து மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளாதீர்கள். சந்தேகம் வந்தால் டாக்டரிடமே கேளுங்கள், அரை நிமிடத்தில் விளக்கிவிடுவார். கேட்காமல் வைத்துக்கொண்ட சந்தேகம் ஒரு பெண்ணின் முதல் மூன்று மாதத்தை நரகமாக்கிவிடும். மசக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் ஒருத்தி தன் ஒழுக்கத்துக்கும் சேர்த்துச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

பிரசவத் தேதி எப்படி வருகிறது

கணக்கு எளிது. கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு ஏழு நாளும் ஒன்பது மாதமும் கூட்ட வேண்டும். மேலே சொன்ன பெண்ணுக்கு பிப்ரவரி 3, ஏழு நாள் கூட்டினால் பிப்ரவரி 10, ஒன்பது மாதம் கூட்டினால் நவம்பர் 10. மொத்தம் 280 நாள், 40 வாரம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் மகப்பேறு மருத்துவராக இருந்த ஃபிரான்ஸ் நேகலேயின் பெயரால் இந்த முறை வழங்குகிறது. இருநூறு வருடம் ஆகியும் நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் இதுதான் முதல் கணக்கு.

பத்து மாதம் என்று வீட்டில் சொல்வதும் இதே 280 நாள்தான், 28 நாளை ஒரு மாதமாக வைத்தால். காலண்டர் மாதமாக எடுத்தால் ஒன்பது மாதமும் ஒரு வாரமும். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. "மூணாம் மாசம்" என்று ஒருவர் சொன்னால் மூன்று மாதம் முடிந்ததா, நடக்கிறதா? எந்த மாதம், 28 நாளா, 30 நாளா, தமிழ் மாதப் பிறப்பிலிருந்தா? ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாக எண்ணிக்கொண்டிருப்பார்கள். மருத்துவமனையில் மட்டுமாவது வாரத்திலேயே பேசுங்கள். "ஒன்பது வாரம் மூணு நாள்" என்று சொன்னால் யாருக்கும் குழப்பம் இல்லை.

பிரசவத் தேதியைப் பற்றி இன்னொன்று. அது கெடு அல்ல, ஒரு நடுப்புள்ளி. சரியாக அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். 37 வாரத்துக்கு முன் பிறந்தால்தான் குறைப்பிரசவம் என்கிறார்கள். அதன் பிறகு 42 வாரம் வரைக்கும் குழந்தை எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

28 நாள் என்பது எல்லோருக்கும் இல்லை

நேகலேயின் கணக்கு ஒரு நிபந்தனையோடு வருகிறது: சுழற்சி 28 நாள், கருமுட்டை 14ஆம் நாள். நம்மில் எத்தனை பேருக்கு அப்படி? சிலருக்கு 24, சிலருக்கு 35. பிசிஓடி இருப்பவர்களுக்கு 45 நாள், அறுபது நாள் என்றுகூடப் போகும்.

கருமுட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிடாய் வரைக்குமான நாட்கள் பெரும்பாலும் 14ஐ ஒட்டியே இருக்கும். நீளுவதும் சுருங்குவதும் முன்பாதிதான். ஆகவே 35 நாள் சுழற்சி உள்ளவளுக்குக் கருமுட்டை 21ஆம் நாள் வாக்கில் வரும். அதே பிப்ரவரி 3 அவளுடைய தேதியாக இருந்தால், பிரசவத் தேதி நவம்பர் 17 என்று ஒரு வாரம் தள்ளிப் போகும். மார்ச் 22 ஸ்கேனில் அவளுடைய கரு 6 வாரம் 5 நாள் வளர்ச்சி காட்டாது, 5 வாரம் 5 நாள்தான் காட்டும். இதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால், ஒரு வாரம் வளர்ச்சி குறைவு என்று காரணமில்லாமல் பதற நேரும்.

தேதியே தெரியாதவர்களும் உண்டு. கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, பிரசவத்துக்குப் பிறகு ஒரு முறைகூட மாதவிடாய் வராமலேயே அடுத்த கரு நின்றுவிடும். கருத்தடை மாத்திரையை விட்ட கையோடு கர்ப்பமானவர்களுக்குக் கடைசியாக வந்த இரத்தப்போக்கு உண்மையான மாதவிடாயாக இருக்காது. இன்னும் சிலருக்குக் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் லேசாக இரத்தம் படும். அதையே மாதவிடாய் என்று எடுத்துக்கொண்டு தேதி சொன்னால் கணக்கு பல வாரம் பின்னால் போய்விடும். "போன தடவை வழக்கம்போல் வந்ததா, ரொம்பக் குறைவாக வந்ததா?" என்று டாக்டர் கேட்பது இதற்காகத்தான்.

தேதி மறந்துவிட்டது என்றால் மனம் தளர வேண்டாம். நம் பெண்களின் ஞாபகம் எண்ணில் இருக்காது, நடப்பில் இருக்கும். அன்றைக்கு வீட்டில் விசேஷம், நான் மட்டும் கோயிலுக்குப் போகவில்லை. பிரதோஷத்துக்கு முந்தின நாள். சம்பளம் வந்த மறுநாள் நாப்கின் வாங்கினேன். அனுபவமுள்ள கிராம சுகாதார செவிலியர்கள் தினசரிக் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு இப்படித்தான் பேச்சுக் கொடுத்தே தேதியைப் பிடிப்பார்கள். நீங்களும் அப்படியே யோசித்துப் பாருங்கள். நினைவுக்கு வந்தாலும் அது தோராயமானதுதான் என்று சேர்த்தே சொல்லுங்கள். தோராயத்தை உறுதிபோலச் சொல்வதில்தான் சிக்கல்.

ஐவிஎஃப் மூலம் கருத்தரித்தவர்களுக்கு மட்டும் இந்தத் தடுமாற்றம் இல்லை. ஐந்தாம் நாள் கருவை உள்ளே வைத்தால், வைத்த அன்றைக்கே 2 வாரம் 5 நாள் என்று கணக்கு. அதிலிருந்து 261 நாள் பிரசவத் தேதி. அதை எந்த ஸ்கேனும் மாற்றத் தேவையில்லை.

கார்டும் இரத்தப் பரிசோதனையும் எதைச் சொல்லும்

கரு உருவானதும் கார்டில் தெரிந்துவிடாது. அது கருப்பைக்கு வந்து சுவரில் பதிய ஆறு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். பதிந்த பிறகுதான் எச்சிஜி என்னும் ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். கார்டு தேடுவது அதைத்தான். நாள் தள்ளுவதற்கு முன்பே அவசரப்பட்டுப் பார்த்து ஒரு கோடு வந்தால், கர்ப்பம் இல்லை என்று அர்த்தமில்லை. சில நாள் பொறுத்து, காலையில் முதல் சிறுநீரில் மறுபடி பாருங்கள்.

இரண்டாவது கோடு மங்கலாக இருக்கிறது, அப்படியானால் நாள் குறைவா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கோட்டின் அழுத்தத்தை வைத்து வாரம் சொல்ல முடியாது. சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது, எந்த கம்பெனி கார்டு என்று பல காரணம் இருக்கிறது. இரத்தத்தில் எச்சிஜி அளவு பார்த்தாலும் அப்படித்தான். ஒரே வாரத்தில் இருக்கும் இரண்டு ஆரோக்கியமான கர்ப்பிணிகளுக்கு அந்த அளவு பல மடங்கு வேறுபடும். ஆரம்ப வாரங்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகிறதா என்பது கர்ப்பம் நல்லபடி போகிறதா என்று பார்க்க உதவும். எத்தனை வாரம் என்று சொல்ல உதவாது.

ஸ்கேனில் எப்போது எது தெரியும்

உறுதியான பதில் ஆரம்ப ஸ்கேனில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கும் காலம் உண்டு. கார்டில் கோடு விழுந்த மறுநாளே ஓடினால் கருப்பையில் ஒன்றுமே தெரியாமல் போகலாம், பயந்துதான் திரும்பி வருவோம்.

ஐந்தாம் வாரத்தை ஒட்டி, கருப்பைக்குள் சின்னக் கறுப்பு வட்டம் ஒன்று தெரியும், அதாவது கரு இருக்கும் பை. ஐந்தரை வாரத்தில் அதற்குள் வெண்மையான வளையமாக மஞ்சள்கருப் பை. ஆறு வாரத்தில் கருவும் அதில் துடிப்பும். இவை பெண்ணுறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் தெரிகிற காலங்கள். வயிற்றின் மேல் வைத்து எடுத்தால் இன்னும் சில நாள் கழித்துத்தான் தெரியும். உள்ளே விட்டு எடுக்கும் ஸ்கேனால் கரு கலைந்துவிடுமோ என்று பலர் மறுக்கிறார்கள். கலையாது. அந்தக் கருவி கருப்பைக்குள் போவதில்லை.

"பை தெரிகிறது, துடிப்பு தெரியவில்லை, இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்று எழுதிய ரிப்போர்ட்டோடு திரும்பி வந்து அழுத பெண்களை எனக்குத் தெரியும். பெரும்பாலும் நடந்திருப்பது, தேதியைவிடக் கரு ஒரு வாரம் இளையது என்பதுதான். மேலே சொன்ன 35 நாள் சுழற்சிக்காரிக்கு மார்ச் 22 அன்று இந்த ரிப்போர்ட்தான் வரும். ஏப்ரல் முதல் வாரம் போனால் துடிப்பு தெரியும். கரு நின்றுவிட்டது என்று ஒரே ஸ்கேனில் உறுதியாகச் சொல்ல மருத்துவத்தில் கண்டிப்பான அளவுகோல் இருக்கிறது: கருவின் நீளம் 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தும் துடிப்பு இல்லாமலிருக்க வேண்டும், அல்லது பையின் சராசரி அளவு 25 மில்லிமீட்டர் ஆகியும் உள்ளே கரு தெரியாமலிருக்க வேண்டும். நல்ல கருவைத் தவறிக் கலைத்துவிடக் கூடாது என்பதற்காகவே பழைய அளவுகளை உயர்த்தி, 2013இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இதை வெளியிட்டார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் எண்கள் இதற்குக் கீழே இருந்தால், காத்திருந்து மறுபடி பார்க்கக் கேட்பது உங்கள் உரிமை.

காத்திருக்கவே கூடாத நேரமும் ஒன்று உண்டு. கார்டில் இரண்டு கோடு இருக்கிறது, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, இரத்தப்போக்கு, தலைசுற்றல், தோள்பட்டை நுனியில் வலி என்றால் அது கருக்குழாயில் நின்ற கர்ப்பமாக இருக்கலாம். அப்போது வாரத்தை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மில்லிமீட்டரில் ஒரு கடிகாரம்

ரிப்போர்ட்டில் சிஆர்எல் என்று ஓர் அளவு இருக்கும். கருவின் உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரைக்குமான நீளம். முதல் மூன்று மாதத்தில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன. அம்மா உயரமா குட்டையா, அப்பா யார், என்ன சாப்பிடுகிறாள் என்பதெல்லாம் அந்த வாரங்களில் பெரிய வித்தியாசம் காட்டுவதில்லை. அதனால் நீளத்தை வைத்து வயதைச் சொல்லிவிடலாம். 8 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 6 வாரம் 5 நாள். 20 என்றால் எட்டரை வாரம். 60 என்றால் பன்னிரண்டரை வாரம்.

இதன் கதை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் நடந்தது. உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசலை ஒலி அலையால் கண்டுபிடிக்கும் தொழிற்சாலைக் கருவி ஒன்றை மனித வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தவர் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர். பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மெக்விகர் ஆகியோருடன் சேர்ந்து 1958இல் லான்செட் இதழில் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் மகப்பேறு ஸ்கேன் வளர்ந்தது. அதே கிளாஸ்கோவில் 1973இல் ஹியூ ராபின்சன் கருவின் நீளத்தை அளந்து அதன் வயதைச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தார். 1975இல் ஃபிளெமிங்குடன் சேர்ந்து அவர் வெளியிட்ட வளைகோட்டை இன்றைக்கும் பல ஸ்கேன் கருவிகள் பயன்படுத்துகின்றன.

அந்த வளைகோடுகள் பெரும்பாலும் மேலைநாட்டுப் பெண்களை அளந்து போட்டவை. நம் பெண்களுக்கு என்று தனியாக வேண்டாமா? அந்த வேலையும் நடக்கிறது. சென்னை ஐஐடியும் ஃபரீதாபாத்தின் டிஎச்எஸ்டிஐ ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, இந்தியக் கர்ப்பிணிகளின் அளவுகளைக் கொண்டே பிந்தைய மாதங்களில் குழந்தையின் வயதைக் கணிக்கும் ‘கர்பிணி ஜிஏ-2’ என்ற முறையை 2024இல் அறிவித்தன. முதல் மூன்று மாதம் கடந்த பிறகே முதன்முறையாக ஸ்கேனுக்கு வரும் பெண்கள் நம் நாட்டில் நிறைய இருப்பதால் இது பெரிய விஷயம்.

இரண்டு தேதி வந்தால் எது செல்லும்?

மாதவிடாய்த் தேதி ஒன்று சொல்லும், ஸ்கேன் ஒன்று சொல்லும். அதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் இப்படி: ஒன்பது வாரம் நிறைவதற்குள் எடுத்த ஸ்கேன் ஐந்து நாளுக்கு மேல் வேறுபட்டால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்பதிலிருந்து பதினான்கு வாரம் நிறைவதற்குள் என்றால் ஏழு நாளுக்கு மேல் வேறுபட வேண்டும். அதற்குள் இருந்தால் மாதவிடாய்த் தேதியே நிற்கும்.

ஒருமுறை இப்படித் தேதி முடிவானால் அதன் பிறகு மாற்றக் கூடாது. இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்களானால் இதை வையுங்கள். எட்டாம் மாதம் ஸ்கேன் எடுக்கும்போது மெஷின் குழந்தையின் தலையையும் வயிற்றையும் தொடை எலும்பையும் அளந்து "30 வாரம்" என்று காட்டும். உங்கள் கணக்கில் 32 வாரம். "அப்போ டேட் தள்ளிப் போயிருக்கு" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். அந்தக் கட்டத்தில் குழந்தைக்குக் குழந்தை உடல்வாகு மாறத் தொடங்கிவிடும். 28 வாரத்துக்கு மேல் ஸ்கேன் கணிப்பு மூன்று வாரம் வரைகூட முன்னே பின்னே இருக்கும். மெஷின் அப்போது சொல்வது குழந்தையின் பருமனை. வயது மாறவில்லை. வயது 32 வாரம், பருமன் 30 வாரம் என்றால் குழந்தை சரியாக வளர்கிறதா, இரத்த ஓட்டம் போதுமா என்று டாக்டர் கவனிக்க வேண்டும். தேதியைத் தள்ளி வைத்துவிட்டால் அந்த எச்சரிக்கையே அழிந்துபோகும்.

இந்த எண்ணை நம்பி எத்தனை காரியங்கள்

குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக் குழாய் மூடுவது, மாதவிடாய்க் கணக்கில் ஆறு வாரத்துக்குள். பலர் டாக்டரையே பார்த்திருக்க மாட்டார்கள், அது முடிந்துவிடும். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே ஃபோலிக் ஆசிட் மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார்கள். குரோமோசோம் குறைபாடுகளைத் தேடும் என்டி ஸ்கேனுக்குக் கருவின் நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதாவது 11 முதல் 14 வாரத்துக்குள். தேதி தெரியாமல் விட்டுவிட்டால் அந்த வாய்ப்பு திரும்ப வராது. உறுப்புகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேன் 18 முதல் 20 வாரத்தில்.

தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். நர்ஸம்மாவிடம் சொன்னால் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி என்னும் பதிவு எண் வாங்கித் தருவார். குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்யும்போதும் அந்த எண்ணைக் கேட்பார்கள்.

இந்தக் கர்ப்பம் இப்போது வேண்டாம் என்ற நிலையில் இருக்கும் பெண்ணுக்கும் இதே எண்தான் வழி. மாத்திரையால் கருக்கலைப்புச் செய்வது ஒன்பது வாரம் வரைதான், அதுவும் டாக்டரின் மேற்பார்வையில். 2021இல் திருத்தப்பட்ட சட்டப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்தோடு அனுமதி. கணக்கு தெரியாமல் மருந்துக்கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, வாரம் கடந்ததால் இரத்தப்போக்கு நிற்காமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் தேவை ஒரு ஸ்கேன், அப்புறம் கண்டிக்காமல் பேசும் ஒரு மனிதர்.

கடைசியாக, நம் வீடுகளில் நடக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிசேரியன் என்று முடிவானதும் ஜோசியரிடம் போய் நாளும் நட்சத்திரமும் குறித்து வருகிறார்கள். நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மருத்துவக் காரணம் இல்லாத சிசேரியனை 39 வாரத்துக்கு முன்னால் செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முன்பு எடுத்தால் மூச்சுத் திணறி, பச்சிளம் குழந்தைப் பிரிவில் வைக்கிற நிலைமை வரலாம். 37 வாரம் என்று நினைத்து நாள் குறிக்கிறீர்கள், ஆரம்பத்தில் தேதி தப்பாகப் போட்டதால் உண்மையில் அது 35 வாரம் என்றால்? நல்ல நட்சத்திரத்தில் பிறந்த குழந்தையை ஒரு வாரம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க நேரும். நாள் பார்ப்பதானால் 39 வாரம் முடிந்த பிறகு வரும் நாட்களில் பாருங்கள். அந்த 39ஐ எண்ணுவது முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்துத்தான்.

ஆகவே செய்ய வேண்டியவை இவ்வளவுதான்:

மாதவிடாய் தொடங்கும் தேதியை ஒவ்வொரு மாதமும் காலண்டரிலோ போனிலோ குறித்து வையுங்கள், கல்யாணமாகாத பெண்களும்கூட.

நாள் தள்ளினால் கார்டு. உறுதியானால் டாக்டர் அல்லது நர்ஸம்மா. சுழற்சி எத்தனை நாள், ஒழுங்காக வருமா என்பதைத் தேதியோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

வலியோ இரத்தப்போக்கோ இல்லையென்றால் முதல் ஸ்கேனுக்கு ஏழெட்டு வாரம் நல்ல நேரம். கோடு விழுந்த மறுநாளே ஓட வேண்டியதில்லை, மூன்று மாதம் முடியட்டும் என்று தள்ளவும் வேண்டாம்.

அந்த ரிப்போர்ட்டைத் தாய் சேய் நல அட்டையோடு சேர்த்து வையுங்கள், போனிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போகும்போது, ஆஸ்பத்திரி மாறும்போது, நள்ளிரவில் வலி வந்து முன்பின் தெரியாத டாக்டரின் முன்னால் நிற்கும்போது அவர் முதலில் கேட்பது அதைத்தான். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் உங்கள் கையில் இருந்தால், அடுத்து என்ன செய்வது என்று அவர் தயங்காமல் முடிவெடுப்பார்.